சூட்டைச் சேமிக்கும் செங்கல்

ரஷ்யக் கிராமத்து வீடுகளில் "பேச்" என்று ஓர் அடுப்பு உண்டு. செங்கல்லால் கட்டியது, பல டன் எடை. வீட்டின் கணிசமான இடத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும்.

காலையில் காய்ந்த விறகை அடுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக எரியவிடுவார்கள். அதன்பின் தீ கிடையாது. ஆனாலும் குடித்த சூட்டைச் செங்கல் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். மறுநாள் காலை வரை வீடு கதகதப்பாக இருக்கும். வெளியே பனி கொட்டும்போது, தாத்தா பாட்டிக்கும் குழந்தைகளுக்கும் அந்த அடுப்பின் மேல்தளம்தான் படுக்கை!

ஸ்வீடனில் விறகுத் தட்டுப்பாடு வந்தபோது, 1767இல் க்ரூன்ஸ்டெட், வ்ரேடே என்ற இருவர் இன்னொரு வழி கண்டார்கள். புகை நேரே வெளியேறாமல், அடுப்புக்குள்ளேயே மேலும் கீழுமாக வளைந்து போகும்படி பாதை அமைத்தார்கள். புகையோடு வீணாய்ப் போன சூடு சுவரில் தங்கியது. எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

இந்த அடுப்புகளில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சூடு தப்பாமலிருக்கப் புகைபோக்கியை மூடுவார்கள். கங்கு முழுதும் அணையுமுன் மூடினால், நிறமோ வாசனையோ இல்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் பரவி, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கங்கின் மேல் நீலச் சுவாலை ஆடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் பெரியவர்கள் மூடியில் கை வைப்பார்கள். நீலம் தெரிந்தால், எவ்வளவு குளிரானாலும் காத்திருப்பார்கள்.