ஐப்பசிக்கு முன்னாடி திண்ணையை அடைப்போம்

(சின்ன காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



சேமிப்பு, தவணை, வங்கி வேலை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ பேசப் போவது மழையைப் பற்றி. "மழை வந்தா நனையப் போறோம், இதுல பேச என்ன இருக்கு"ன்னு பின்னாடி ஒரு அக்கா சிரிக்கிறாங்க. நனையறது நாம மட்டும்னா பேச ஒண்ணுமில்லைதான். தறி நனையுது, பாவு நனையுது, அதோடு சேர்ந்து கூலியும் போகுது. அதனால்தான் பேசுறோம்.

தமிழ்நாட்டுக்கு வருஷத்து மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் மூணே மாசத்தில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையை மறந்திருக்க மாட்டீங்க. அப்போது நம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அந்த மாதிரி பெருவெள்ளத்துக்குத் திண்ணை அடைப்பு எந்த மூலைக்கும் போதாது, அப்போது உயிரையும் நூலையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டியதுதான். நாங்கள் சொல்வது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருஷா வருஷம் வருகிற சாதாரண மழையைப் பற்றி. நாலு நாள் சாரல், ரெண்டு நாள் வெயில், மறுபடியும் மூணு நாள் தூறல். பேப்பரில் வராத இந்த மழைதான் மெல்ல மெல்ல நம் கூலியைத் தின்கிறது.

பட்டு காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். சாதாரண நாளிலேயே அதன் எடையில் நூற்றுக்குப் பத்து பதினொரு பங்கு ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் அது இன்னும் ஏறும். முப்பது பங்கு வரைக்கும் ஏறினாலும் கைக்கு ஈரமாத் தெரியாது, அதுதான் ஏமாற்று வேலை. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் இழை தொய்ந்து போயிருக்கும். நனைந்த பட்டுக்கு உறுதியும் குறைவு, அறுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு இழையாகப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைக்கு நெசவு எங்கே ஓடும்? ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. ஈரமும் புகையும் சேர்ந்தால் வெள்ளி கறுக்கும். கறுத்த சேலைக்குக் கூலியில் பிடித்தம் போட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

மழைத் தண்ணி நம் வீட்டுக்குள் மூணு வழியாக வருகிறது: மேலேயிருந்து, பக்கத்திலிருந்து, தரைக்கடியிலிருந்து.

மேலேயிருந்து வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓடு உடைந்திருந்தால் ஆவணி புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள். தார்ப்பாய் போடுவதானால் சரிவு இருக்கும்படி போடுங்கள். மேலே செங்கல்லை வைக்காதீங்க, காத்தடிச்சா அது யார் தலையில் விழும்னு சொல்ல முடியாது. மணல் கட்டின சின்ன மூட்டைகளை ரெண்டு பக்கமும் கயிற்றில் தொங்கவிட்டால் போதும்.

பக்கத்திலிருந்து வருகிற சாரல்தான் திண்ணைக்காரர்களின் பாடு. நம்ம பக்கம் திண்ணைக்குக் கம்பி போட்டு, கொசுவலை அடித்து, அதிலேயே ராட்டையை வைத்துத் தார் சுற்றுகிறோம். வெயில் காலத்துக்கு அது சொர்க்கம். ஐப்பசிக் காத்து வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது, வடக்கும் கிழக்கும் பார்த்த வீடுகளில் அந்த வலை சல்லடை மாதிரிதான்.

அமெரிக்கா, கனடா மாதிரி பனி கொட்டுகிற நாடுகளிலும் இதே மாதிரி வலை அடித்த முன்திண்ணை உண்டு. குளிர்காலம் வந்தால் அங்கே பல பேர் மெல்லிய மரச்சட்டத்தில் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை அடித்து, அந்தச் சட்டத்தை வலைக்கு மேல் பொருத்திவிடுவார்கள். வெயில் காலம் வந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். பனி நமக்கு வேண்டாம், அந்தச் சட்டம் மட்டும் நமக்கு வேணும்.

எப்படிச் செய்வது? திண்ணையின் முகப்பு நீளத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மரக்கடையில் ரீப்பர் கட்டை கேளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் மூங்கிலைப் பிளந்து கட்டினாலும் சரி. ஒரே பெரிய சட்டமாகச் செய்யாதீங்க, ஒரு ஆளால் தூக்க முடியாது, காத்துக்கும் தாங்காது. மூணு துண்டாகச் செய்து, ரெண்டில் தார்ப்பாய் அடியுங்கள், நடுவில் உள்ளதில் மட்டும் வெளிச்சம் வருகிற மாதிரி ஷீட் அடியுங்கள். அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாத இருட்டில் ஊடை எடுக்க முடியுமா?

இன்னும் ரெண்டு சமாச்சாரத்தைக் கவனிக்கணும். ஒண்ணு, சட்டத்தின் கீழ்விளிம்பில் ஷீட் திண்ணை விளிம்பைத் தாண்டி வெளியே தொங்க வேண்டும். உள்பக்கம் முடிந்தால் வழிகிற தண்ணி எல்லாம் திண்ணைக்குத்தான். ரெண்டாவது, மேலே தாழ்வாரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். "அடைக்கிறதுன்னு சொல்லிட்டு எதுக்கு சந்து?" என்று கேட்பீங்க. ஐந்து பேர் மூச்சும், அடுப்பு ஆவியும், துவைத்துப் போட்ட துணியின் ஈரமும் வெளியே போக வழி வேணும். இறுக்கி மூடின வீட்டில் சாரல் இல்லாமலே பாவு ஈரமாகும். கொசுவலையைக் கழற்றாதீங்க, அது உள்பக்கம் இருக்கட்டும். ஷீட்டின் மடிப்பில் தண்ணி தேங்கினால் தினமும் தட்டிவிடுங்கள், டெங்கு கொசுவுக்கு அந்த ஒரு கை தண்ணி போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், "ஆணி அடிச்சா வீட்டுக்காரர் திட்டுவார்" என்கிறார்கள். ஆணியே வேண்டாம். சட்டத்தைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் முறுக்கினால் நிற்கும்.

எந்தத் துணி வாங்குவது? தார்ப்பாய் கடையில் "எத்தனை ஜி.எஸ்.எம்." என்று கேளுங்கள். அந்த எண் கூடக் கூடக் கனம் கூடும். மெல்லியது விலை குறைவு, ஒரு மழைக்காலத்தில் கிழிந்துவிடும். கனமானது மூணு நாலு வருஷம் வரும். வெளிச்சத்துக்கு வாங்குகிற ஷீட்டில் வெயில் தாங்குகிற வகை என்று தனியாகக் கேட்டு வாங்கணும், சாதாரண ஷீட் வெயிலில் அப்பளம் மாதிரி நொறுங்கும். கையில் காசே இல்லை என்றால் பழைய ஃபிளெக்ஸ் பேனர் இருக்கவே இருக்கு. அச்சடித்த பக்கம் உள்ளே இருக்கட்டும், வருஷம் பூரா தலைவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது போதும்.

இப்போ மூணாவது வழிக்கு வருவோம். குழித்தறி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. வேகவதிக் கரையை ஒட்டியும், பாலாற்றுப் பக்கம் ஓரிக்கை மாதிரி இடங்களிலும் நிலத்தடி நீர் மழைக்காலத்தில் மேலே வந்துவிடும். வாசலில் சொட்டுத் தண்ணி வராவிட்டாலும் தறிக்குழிக்குள் ஊறும். குழியைச் சுற்றி ஒரு வரிசைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டால் தரையில் ஓடி வருகிற தண்ணி தடுக்கப்படும். அதற்கு ஆகிற செலவு கொஞ்சம்தான், முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். ஆனால் அடியிலிருந்து ஊறுகிற தண்ணியைச் சிமெண்டுப் பூச்சு மட்டும் நிறுத்தாது. மேஸ்திரி நிறுத்திக் காட்டுறேன்னு சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்காதீங்க. தண்ணிக்கு அழுத்தம் இருக்கிறது, ரெண்டு மழையில் பூச்சு வெடிக்கும். அதைவிடக் குழியின் ஒரு மூலையில் சொம்பு அளவுக்குப் பள்ளம் எடுத்து, தரையை அந்தப் பக்கம் சரித்துவிட்டால், ஊறுகிறது அங்கே சேரும், காலையில் மொண்டு ஊற்றலாம். கால் வைக்கிற இடத்தில் மேடாகப் பலகை போட்டுக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் குழி நிரம்புகிறது என்றால், தறியைத் தரைக்கு மேல் சட்டத்தில் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கத்தான் வேணும். 2021-26 தேசிய கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தறிக்கூடம் கட்ட உதவி இருந்தது. இப்போது என்ன இருக்கிறது என்று காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

ரெண்டு ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. குழிக்குள் பல்பு தொங்கவிட்டிருக்கிறோம். 2023-லிருந்து கைத்தறி நெசவாளருக்கு ரெண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்பதால் பல்பு எரிய யோசிப்பதில்லை, நல்லதுதான். ஆனால் ஈரக் குழியில் கால் வைத்துக்கொண்டு, ஒட்டுப் போட்ட ஒயரைத் தொட்டால் என்ன ஆகும்? ஒட்டு இல்லாத ஒயரை மேலேயிருந்து இறக்குங்கள். முடிந்தவர்கள் மின்கசிவு ஏற்பட்டால் தானே நிற்கிற சுவிட்ச், கடையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று கேட்டு, மின் வேலை தெரிந்தவரை வைத்து மாட்டுங்கள். இன்னொன்று, பாவு காயட்டும் என்று அடைத்த அறைக்குள் கரிக்கும்மட்டி வைப்பது. அந்தப் புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கினவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வேண்டவே வேண்டாம். மின்விசிறியைச் சுற்றவிட்டால் பாவு தானாகக் காயும்.

தெருவில் பாவு தோய்வதற்கு மட்டும் எந்த அடைப்பும் உதவாது, அதற்கு நீளத் தெருவும் வெயிலும்தான் வேணும். அதனால் மழைக்கு முன்னாடியே ஒரு பாவு கூடுதலாகத் தோய்ந்து, காய்ந்த இடத்தில் சுற்றி வைத்துவிடுங்கள். ஒரு பாவில் ரெண்டு மூணு சேலை வரும், மழை மாசத்தை ஓட்டிவிடலாம்.

கடைசியாகப் பணத்துக்கு வருவோம். போன கூட்டத்தில் ஒரு குழுவில் இதுதான் சண்டை. ஒரு உறுப்பினர் திண்ணை அடைக்க உள்கடன் கேட்டிருக்கிறார். "இது வீட்டு ரிப்பேர், தொழில் கடன் வாங்குறவங்களுக்குத்தான் முதலில்" என்று மற்றவர்கள் தள்ளிவைத்துவிட்டார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. மாட்டுக்கு வாங்கினால் தொழில் கடன், மாட்டுக் கொட்டகைக்கு வாங்கினாலும் தொழில் கடன். தார் சுற்றுகிற திண்ணை மட்டும் எப்படி வீட்டுச் செலவு ஆகும்? அந்தத் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுவது பெண்கள். அதற்குத் தனிக் கூலி கிடையாது, சேலைக் கூலியோடு சேர்ந்து போய்விடுகிறது. கூலி தனியா வராததால்தான் அது வேலையாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. தறி நின்றால் குடும்பம் முதலாளியிடம் முன்பணம் வாங்கும். அந்த முன்பணம் தீருகிற வரைக்கும் வேறு இடத்துக்குத் தறி மாற்ற முடியாது. ஒரு தார்ப்பாய் விலைக்கு முன்னால் அந்தக் கட்டு எவ்வளவு பெரிசுன்னு நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதனால் நாங்கள் கேட்பது: மழை அடைப்புக்கான கடனைத் தொழில் கடன் கணக்கில் சேர்க்கும்படி ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடுங்கள். தவணையை ஐப்பசி கார்த்திகையில் பிடிக்காமல், தை மாதத்திலிருந்து பிடியுங்கள். மழை மாதத்தில் கூலி குறைவு என்று தெரிந்தே தவணை கேட்பது நியாயமில்லை. முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டால் தார்ப்பாயைச் சுருளாக மொத்தத்தில் வாங்கி, வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம். மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்குங்கள், ஜி.எஸ்.எம். எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது திண்ணை அளவைச் சீட்டில் எழுதிக் குழுப் பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள். தை பிறந்ததும் சட்டத்தைக் கழற்றி, துடைத்து, நிழலில் காயவைத்து, எலி கடிக்காதபடி பரணில் உயரமாகக் கட்டி வையுங்கள். அடுத்த வருஷம் ரீப்பரும் வேண்டாம், ஷீட்டும் வேண்டாம், கட்டுக்கம்பி மட்டும் வாங்கினால் போதும்.