கேமரன் பாய்ஸ்: ஒரு இளம் நடிகரின் வாழ்வும் பேசப்படாத நோயும்



அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் கேமரன் பாய்ஸ் 2019ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். 1999 மே 28இல் அதே நகரில் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபதுதான். அந்த இருபதில் பதினோரு ஆண்டுகளை அவர் நடிப்புத் தொழிலில் கழித்திருந்தார். இளமையில் மறைந்த கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது, இருந்திருந்தால் என்னவெல்லாம் ஆகியிருப்பார் என்று ஏங்குவது உலக வழக்கம். ஆனால் கேமரனைப் பொறுத்தவரை அந்த ஏக்கம், அவர் செய்து முடித்தவற்றையும் அவர் உயிரைப் பறித்த நோயின் பெயரையும் ஒருசேர மறைத்துவிடுகிறது. அவ்விரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே இந்த உரையின் நோக்கம்.

கேமரனின் தந்தை ஆப்பிரிக்க அமெரிக்கர். தாய் யூத மரபினர். தந்தையைப் பெற்ற பாட்டியார் ஜோ ஆன் ஆலன் பாய்ஸ் அமெரிக்க வரலாற்றில் 'கிளின்டன் பன்னிருவர்' என்று போற்றப்படும் மாணவர்களுள் ஒருவர். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனி அரசுப் பள்ளிகளில் படிக்கவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தும், தென் மாநிலங்கள் அதை ஏற்காமல் காலம் கடத்தின. 1956இல் டென்னசி மாநிலத்தின் கிளின்டன் என்னும் சிற்றூரில், நீதிமன்ற ஆணையின்படி பன்னிரண்டு கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தபோது, வெளியே திரண்ட கும்பலை அடக்க மாநில ஆளுநர் படையை அனுப்ப வேண்டியிருந்தது. சில மாதங்கள் அந்த வசைகளுக்கும் மிரட்டல்களுக்கும் நடுவே படித்த ஜோ ஆன், பின்பு குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். பேரன் புகழ்பெற்ற பின், பாட்டியாரின் அந்த வரலாற்றைச் சிறுவர்களுக்குச் சொல்லும் குறும்படம் ஒன்றில் இருவரும் சேர்ந்து தோன்றினர்; அதற்காகக் கேமரன் 2017இல் பகல்நேர எம்மி விருது பெற்றார். எம்மி என்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் துறை தன் கலைஞர்களுக்கு வழங்கும் தலைசிறந்த விருது. அவ்வளவு பெரிய அங்கீகாரம் அவருக்குத் தம் பாட்டியாரின் துணிவைச் சொன்னதற்காகக் கிடைத்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

கேமரன் நடிகராவதற்கு முன்பே நடனக் கலைஞர். தெருக்களில் பிறந்து வளர்ந்த பிரேக் டான்ஸ் என்னும் ஆட்டவகையிலும் ஹிப் ஹாப்பிலும் சிறுவயதிலேயே பயிற்சி பெற்றார். தரையில் கை ஊன்றிச் சுழல்வதும், உடலைத் துண்டுதுண்டாக உறைய வைத்து மீண்டும் இயக்குவதும் அந்த ஆட்டத்தின் இலக்கணம். 2008இல் ஓர் இசைக் காணொளியிலும், அதே ஆண்டில் 'மிரர்ஸ்' என்னும் திகில் படத்திலும் தோன்றிய அவர், 2010இல் வெளிவந்த 'க்ரோன் அப்ஸ்' படத்தில் நகைச்சுவை நடிகர் ஆடம் சாண்ட்லரின் மகனாக நடித்தார். எனினும் அவரை வீட்டுப் பிள்ளை ஆக்கியது தொலைக்காட்சியே.

2011 முதல் 2015 வரை டிஸ்னி அலைவரிசையில் ஓடிய 'ஜெஸ்ஸி' தொடர், சிட்காம் என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. நிலையான சில அரங்குகளுக்குள், ஒரே பாத்திரங்களைக் கொண்டு, அரைமணி நேரத்துக்குள் தொடங்கி முடியும் நகைச்சுவைக் கதையை வாரந்தோறும் சொல்வது அந்த வகையின் முறை. நியூயார்க்கின் செல்வந்தக் குடும்பம் ஒன்றின் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கதை அது; மூவர் தத்துப்பிள்ளைகள். இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட ரவியாக இந்திய வம்சாவளி நடிகர் கரண் பிரார் நடிக்க, டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த லூக் என்னும் குறும்புக்காரனாகக் கேமரன் நடித்தார். பன்னிரண்டு வயதில் தொடங்கி பதினாறு வயது வரை, குரல் உடைந்து உயரம் கூடிய பருவம் முழுவதையும் அவர் பார்வையாளர்களின் கண்ணெதிரே கடந்தார். இத்தகைய வேலை பிள்ளைகளின் இயல்பை உறிஞ்சிவிடும் தன்மை உடையது. வசனத்துக்குப் பின் சிரிப்புக்காக இடைவெளி விடுவது பழகிப்போனால், எந்த உணர்ச்சியும் கணக்குப் போட்டதாகிவிடும். கேமரன் அந்தப் பள்ளத்தில் விழவில்லை. வசனம் முடிந்த பிறகும் தோளிலோ காலிலோ அவருடைய லூக் உயிரோடிருந்தான். நடனம் தந்த கொடை அது.

அந்தக் கொடை முழுமையாக வெளிப்பட்டது 2015 ஜூலையில் ஒளிபரப்பான 'டிசெண்டன்ட்ஸ்' என்னும் தொலைக்காட்சித் திரைப்படத்தில். பழைய டிஸ்னி கதைகளின் வில்லன்களுக்குப் பிறந்த பிள்ளைகள் நல்லவர்களின் நாட்டுப் பள்ளிக்குப் படிக்க வரும் இசைநாடகக் கதை அது. இயக்கியவர் நடன அமைப்பாளராகவும் பெயர்பெற்ற கென்னி ஒர்டேகா. '101 டால்மேஷன்ஸ்' கதையில் நாய்க்குட்டிகளின் தோலுக்காக அலையும் க்ரூவெல்லாவின் மகன் கார்லோஸாகக் கேமரன் நடித்தார். நாய்கள் கொடிய விலங்குகள் என்று தாய் சொல்லி வளர்த்ததால் கார்லோஸுக்கு நாய் என்றாலே நடுக்கம். ஒரு சிறிய நாய் துரத்த, அவன் காட்டுக்குள் ஓடி மரத்தில் ஏறிக்கொள்கிறான். பள்ளித் தோழனாகிய இளவரசன் வந்து நாயைக் கையில் எடுத்துக் காட்டுகிறான். சிரிப்புக்காக எழுதப்பட்ட காட்சிதான் அது. ஆனால் மரத்தை இறுகப் பற்றியிருக்கும் அந்த உடலில் உள்ள அச்சம் பொய்யானதாகத் தெரிவதில்லை; தயக்கத்தோடு நாயைத் தொடும் கட்டத்தில், தாய் சொன்னதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்று ஒரு பிள்ளை முதன்முதலாக உணர்வதைச் சொல்லின்றியே அவர் காட்டிவிடுகிறார். சிறுவர் படம் என்று ஒதுக்கிவிட்டுப் போகும் விமர்சகர்கள் இந்த இரண்டு நிமிடங்களையாவது நின்று பார்த்திருக்க வேண்டும்.

2017இல் இரண்டாம் பாகம் வந்தது. மூன்றாம் பாகம் ஒளிபரப்பானது 2019 ஆகஸ்ட் 2ஆம் நாள், அதாவது அவர் மறைந்து நான்கு வாரங்கள் கூட நிறையாத நிலையில். டிஸ்னி நிறுவனம் அதன் ஆடம்பரமான முதற்காட்சி விழாவைக் கைவிட்டு, 'தர்ஸ்ட் ப்ராஜெக்ட்' என்னும் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை அளித்தது. பாதுகாப்பான குடிநீர் இல்லாத ஊர்களில் கிணறு அமைத்துத் தரும் அந்த நிறுவனத்துக்காகக் கேமரன் தம் ரசிகர்களிடம் நிதி திரட்டி வந்தவர்; அந்தப் பணி 2018இல் அவருக்கு ஒரு விருதையும் பெற்றுத் தந்தது.

இனி அவரைக் கொண்டுசென்ற நோய். மூளையின் நரம்பணுக்கள் சிறு மின்தூண்டல்கள் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றில் பெருந்தொகையானவை ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் தூண்டப்படுவதே வலிப்பு. அது மீண்டும் மீண்டும் வரும் இயல்புடையதாயின் வலிப்பு நோய் எனப்படும். கேமரனுக்கு அது இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே வலிப்பு வந்தது. அவர் வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. மரணத்துக்குக் காரணம், வலிப்பு நோயாளருக்கு நேரும் எதிர்பாராத திடீர் மரணம் என்று பிணக்கூறாய்வு அதிகாரிகள் பின்னர் அறிவித்தனர். நீரில் மூழ்கியதோ அடிபட்டதோ இன்றி, வேறு காரணம் எதுவும் புலப்படாமல், பெரும்பாலும் உறக்கத்தில் நிகழும் மரணத்தை மருத்துவ உலகம் அவ்வாறு வகைப்படுத்துகிறது. வலிப்புக்குப் பின் மூச்சும் இதயத்துடிப்பும் தடுமாறுவதே இதற்கு வழிவகுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இது நேர்கிறது என்றும், இந்த ஆபத்தை மருத்துவர்கள் நோயாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் அமைப்புகள் 2017இலேயே வழிகாட்டியிருந்தன. ஆயினும் மகன் இறந்த பிறகே இத்தகைய மரணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதாகக் கேமரனின் பெற்றோர் வெளிப்படையாகக் கூறியுள்ளனர். மருத்துவ வசதி மிக்க ஒரு நகரத்தில், படித்த ஒரு குடும்பத்துக்கு இந்த நிலை என்பது நெஞ்சை உறுத்துகிறது. அவர்கள் மகன் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, வலிப்பு நோய் ஆராய்ச்சிக்கும் விழிப்புணர்வுக்கும் அன்றுமுதல் உழைத்து வருகின்றனர்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உள்ளது என்றும், முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இருப்பதாக மதிப்பிடுகின்றனர். ஆனால் நம் ஊர்களில் இந்த நோய் இன்னும் மூடி மறைக்கப்படுகிறது. பெண் பிள்ளைக்கு என்றால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சத்தில் மாத்திரையைக்கூட ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்க இடந்தந்த வாசகத்தை 1999ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் நீக்கிவிட்டது. சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆகியும் மனம் மாறவில்லை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கமும் ஓயவில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடுவதால், இரும்புதான் அடக்கியது என்று கூடியிருப்போர் நம்பிவிடுகின்றனர். செய்ய வேண்டியது வேறு: தலைக்கு அடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, மூச்சு அடைபடாதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கட்டுக்குள் வராத வலிப்பே திடீர் மரணத்துக்கான முதன்மை ஆபத்து என்பதால், மாத்திரையை ஒரு வேளையும் விடாமல் உட்கொள்வதும், மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாமலிருப்பதும், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமலிருப்பதும் உயிர்காக்கும் செயல்கள். வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் எவரேனும் இருப்பின், இந்தத் திடீர் மரணத்தின் ஆபத்து அவருக்கு எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்று அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது குடும்பத்தார் வாய்திறந்து கேட்க வேண்டும். மருத்துவர்களும் கேட்கப்படும்வரை காத்திராமல் தாங்களாகவே சொல்ல வேண்டும் என்பதே இந்த அவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்.