எல்லாத் தலைச்சுற்றலும் பித்தமல்ல

பஜ்ருக்கு எழுந்தவருக்குத் திடீரென்று தலை சுற்றினால், பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைக்கிறோம். நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான்.

சுற்றல் நிற்காவிட்டால், டாக்டர் தம் மூக்கையே பார்க்கச் சொல்லி நோயாளியின் தலையைச் சட்டென்று திருப்பிப் பார்ப்பார். (வீட்டில் செய்துபார்க்க வேண்டாம்.) காது நரம்புக் கோளாறானால் கண் தலையோடு நழுவிப் பிறகு மூக்குக்குத் திரும்பும். சிறுமூளைப் பக்கவாதத்தில் பெரும்பாலும் நழுவாது. கண் சரியாக நிற்பதே இங்கு அபாயக் குறி! முதல் 2 நாளில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்கூடத் தெரியாது.

உட்காரவே முடியாமல் சாய்கிறவரை, கை கால் அசைகிறதே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4½ மணி நேரமே அவகாசம். வண்டிச் செலவுக்குத் தயங்க வேண்டாம். நள்ளிரவானாலும் டிரஸ்டுக்குப் போன் செய்யுங்கள்.