உறவு மொழியின் நடுவே தமிழ்க் குழந்தைகள்



ஆப்பிரிக்காவின் தென்பாதியில் பாண்டு மொழிகள் என்றொரு பெருங்குடும்பம் பரவியிருக்கிறது. கீழைக் கரையில் வழங்கும் சுவாகிலி மொழியில் மனிதன் 'ம்ட்டு', மனிதர் 'வாட்டு'. அங்கிருந்து பல நூறு காதம் தெற்கே, சூலு மொழியில், அவையே 'உமுண்டு', 'அபண்டு' என நிற்கின்றன. மனிதரைக் குறிக்கும் இச்சொல்லையே குடும்பத்துக்குப் பெயராக்கி, பிளீக் என்னும் செருமானிய அறிஞர் 1862-ல் தென்னாப்பிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிடத் தொடங்கினார். அதற்கு ஆறாண்டு முன்பே, 1856-ல், திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுவிட்டார். அவருக்கும் நாற்பதாண்டு முன்னர், 1816-ல், சென்னையில் அதிகாரியாயிருந்த எல்லிஸ், தென்மொழிகள் ஓரினத்தவை என எடுத்துக்காட்டினார்.

பாண்டு மொழிகளைப் பற்றிய பேச்சு தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று. சூலு மொழி வழங்கும் நேட்டால் நாட்டுக்கு 1860 முதல் தமிழர் கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையில் கப்பலேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் டர்பனில் காவடி எடுக்கிறார்கள். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலமே.

கடல் கடந்தவர்க்கு நேர்ந்தது அது. பக்கத்து மாநிலத்தில், உறவு மொழியின் நடுவில் வாழும் நமக்கு அவ்வச்சம் எதற்கு என்று கேட்கலாம். உறவு மொழியின் நடுவில் வாழ்வதனாலேயே நமக்கு வேறு வகையான அச்சம் ஒன்று உண்டு என்பது, திருவனந்தபுரத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுள்ள நமது எண்ணம்.

தில்லியிலோ கொல்கத்தாவிலோ வளரும் தமிழ்க் குழந்தைக்கு வீட்டு மொழி எது, வெளி மொழி எது என்பதில் ஐயமில்லை. வாசற்படியே எல்லை. இங்கோ அத்தகைய எல்லை கிடையாது. சாலைக் கடைத்தெருவில் தமிழில் தொடங்கும் பேரம் மலையாளத்தில் முடியும். கேட்டவர்க்கும் சொன்னவர்க்கும் இடையில் மொழி மாறியது தெரிவதில்லை. பெரியவர்க்கு இது வசதி. இரு மொழியையும் ஒருங்கே கற்கும் குழந்தைக்கு இதுவே இடர்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், எட்டு வயதுச் சிறுமி திருநெல்வேலியிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில், "அப்பா வந்து, அண்ணன் வந்து, மாமாவும் வந்து" என்றாள். வந்து என்ன செய்தார்கள் என்று அறியப் பாட்டி காத்திருந்தார். சிறுமியோ சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாள்!

அவள் பேசியது பிழையென்று கடிந்துகொள்ளுமுன், அதன் காரணத்தைக் காண வேண்டும். இந்நகரத்துக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ஆர். ராஜராஜ வர்மா, 'கேரள பாணினீயம்' என்னும் இலக்கணத்தை 1896-ல் வெளியிட்டு, 1917-ல் திருத்தியமைத்தார். தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட வகையை ஆறு விதிகளாக அதில் அவர் வகுத்துள்ளார். மெல்லெழுத்து தன்னை அடுத்த வல்லெழுத்தையும் மெல்லெழுத்தாக்கிவிடும் என்பது ஒன்று. அதனால் தேங்காய் 'தேங்ங' ஆயிற்று, மாங்காய் 'மாங்ங' ஆயிற்று. தகரம் சில இடங்களில் சகரமாகும் என்பது இன்னொன்று. அடித்து என்பது 'அடிச்சு' ஆகும். இவ்விரண்டாவது விதி தமிழ்நாட்டுப் பேச்சிலும் செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் சிறுமிக்கு உரிய விதி, வினைமுற்றில் திணை பால் எண் இடம் காட்டும் ஈறுகள் நீங்குவதைக் கூறுவது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன் ஆகிய அனைத்துக்கும் மலையாளத்தில் 'வந்நு' ஒன்றே போதும். சிறுமி அவ்விதியைத் தமிழ்ச் சொல்லின்மேல் ஏற்றிவிட்டாள். அவளுக்கு வேண்டியது கண்டிப்பன்று, "மலையாளத்தில் யார் வந்தாலும் வந்நு, தமிழில் வந்தவர் யார் என்பதை வினையே சொல்லிவிடும்" என்ற ஒரு வாக்கியமே. வேற்றுமையைச் சுட்டிக் காட்டினால் குழந்தை அதை விளையாட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

வேற்றுமையைக் காட்டுவது போலவே, உறவையும் காட்டலாம். தமிழ்நாட்டுக் குழந்தை ஏட்டில் மட்டும் காணும் பழஞ்சொற்களை நம் குழந்தை தெருவிலேயே கேட்கிறது. அழைப்பதை மலையாளிகள் 'விளிக்குக' என்கின்றனர். எட்டாம் வேற்றுமைக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் விளி. சோம்பலை அவர்கள் 'மடி' என்கின்றனர். திருக்குறளின் 61-ஆம் அதிகாரம் மடியின்மை. கடைத்தெரு அவர்களுக்கு 'அங்ஙாடி'. சிலப்பதிகாரப் பூம்புகாரில் நாளங்காடி உண்டு. ழகரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். தமிழகத்தில் பலர் 'மளை', 'வாளை' என்று பேசக் கேட்கிறோம். மழ, புழ, வாழ என்று நாள்தோறும் கூறும் மலையாளத் தோழர்களிடையே வளரும் நம் பிள்ளைகளுக்கு அவ்வொலி தானே படிந்துவிடுகிறது. தமிழுக்கே சிறப்பு என நாம் பெருமை கொள்ளும் எழுத்தை மலையாளம் நமக்குக் காத்துத் தருகிறது!

சில சொற்களில் எச்சரிக்கை வேண்டும். 'வெள்ளம்' அவர்களுக்குக் குடிநீர், 'பட்டி' நாய், 'சம்சாரம்' வெறும் பேச்சு. ஊரிலிருந்து வரும் உறவினர் முன் இவை நகைப்புக்கு இடமாகும். அந்நகைப்பும் ஒரு பாடமே.

பெங்களூரில் வாழும் நேயர்கள் தம் குழந்தைகளுக்குப் பால், பல், புலி, பத்து என்னும் சொற்களைக் கொடுத்து, கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து எனப் பகரம் ஹகரமாவதை அவர்களையே கண்டுபிடிக்கச் செய்யலாம். ஐதராபாத்தில் உரல் 'ரோலு' ஆவதும், அவர் 'வாரு' ஆவதும் அத்தகையனவே.

பேச்சளவில் நின்றால் போதுமா? கன்னியாகுமரி மாவட்டத்தின் நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், இந்நகரத் தமிழர்க்குத் தாய்மொழி மாநிலம் களியக்காவிளைக்கு அப்பால், 30 கிலோமீட்டர் அளவில் நின்றுவிட்டது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்னும் 350-அ பிரிவு அவ்வாண்டிலேயே அரசியலமைப்பில் சேர்ந்தது. ஆயினும் பெற்றோருள் பலர் ஆங்கிலப் பள்ளியையே நாடுகின்றனர்; அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் எழுத்தறியாத தமிழ் அடுக்களையைத் தாண்டாது. ஆலப்புழையில் 1855-ல் பிறந்த சுந்தரம் பிள்ளை இந்நகரத்தில் பேராசிரியராக இருந்து 1891-ல் 'மனோன்மணீயம்' வெளியிட்டார் என்றால், தமிழ் அவர் கையில் எழுத்தாகவும் இருந்ததே காரணம். அந்நாடகத்தின் பாயிரமே 1970 முதல் தமிழகத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கிறது.

2001-ல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை வீட்டிலிருந்தே பயிலலாம். எனினும் மலையாள எழுத்தறிந்த குழந்தை தமிழ் எழுத்தைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்விக்கு விடை பெற்றோரிடம் இருக்க வேண்டும். "எங்களுக்கு நான்கு ககரம், உங்களுக்கு ஏன் ஒன்றே?" என்பது அக்கேள்வி. நின்ற இடமே ஒலியைத் தீர்மானிக்கும் என்பது விடை: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வலிந்து ஒலிக்கும், மெல்லெழுத்தின் பின்னும் உயிர்களின் நடுவிலும் மெலியும். இதை விளக்கத் தம்பானூர்ப் பேருந்து நிலையத்திற்கு ஒரு மாலை அழைத்துச் செல்லுங்கள். தமிழகத்து வண்டிகளின் பலகையில் 'நாகர்கோவில்' என்றிருக்கும். அதில் ககரம் இருமுறை வருகிறது. எது மெலியும், எது வலியும் என்று குழந்தையே படித்துச் சொல்லட்டும்.