"தவறி விழுந்தார்" என்ற பொய்



சாரத்திலிருந்து ஒரு சித்தாள் விழுந்தால், மறுநாள் செய்தியில் "தவறி விழுந்தார்" என்று வரும். தவறு யாருடையது என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பெல்ட் கொடுக்காதவரும் வலை கட்டாதவரும் அந்தச் செய்தியில் இல்லை.

மலக்குழி மரணத்திலும் இதே சொல்தான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "எட்டிப் பார்த்தபோது தவறி விழுந்தார்" என்று எழுதிவிட்டால் குற்றமும் இல்லை, இழப்பீடும் இல்லை. யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்பதைச் சாதி முடிவு செய்கிறது. விழுந்த பிறகு பழியையும் அவர் மீதே போடுகிறது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே, வெறும் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது என்றுதான் இருந்தது. ஒப்பந்தக்காரரைக் கைகாட்டிவிட்டு, வேலையைக் கொடுத்த நிறுவனம் நழுவவும் முடியாது.

உங்கள் ஊரில் இப்படி நடந்தால், குடும்பத்தோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். புகாரை வாசித்துக் காட்டுங்கள். "தவறி" என்று இருந்தால், திருத்தும்வரை கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்!