தோற்பதற்கும் ஒரு மைதானம் வேண்டும்

(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'பசுமையான நினைவுகள்'. அதற்காக எழுதி வைத்திருந்த காகிதம் கைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் காலையில் பொதுக்குழுவில் எழுந்த ஒரு பேச்சு, என்னை வேறு விஷயம் பேச வைத்துவிட்டது.

போன வருஷம் நம் கல்லூரிக் கூடைப்பந்து அணி, சீனியர் பெண்கள் ஆடும் ஒரு போட்டிக்குப் போனது. வேலையில் இருந்துகொண்டே பல வருஷம் ஆடிய பெண்களின் அணியிடம் 88-க்கு 21 என்று தோற்றுவிட்டு வந்தது. "சங்கம் பஸ் செலவும் கொடுத்து, யூனிஃபார்மும் வாங்கிக் கொடுத்து, காலேஜ் பேரைக் கெடுத்துக்கணுமா? ஜெயிக்கிற போட்டிக்கு மட்டும் அனுப்பினா போதாதா?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் என் ஹாஸ்டல் அறைத்தோழி. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்லூரி மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டாள். ஆனால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பதிலுக்கு முன்னால் ஒரு கதை. சொந்தக் கதைதான்.

1987-இல் நான் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. நம் அணி இதே மாதிரி ஒரு பெரிய அணியோடு மோதியது. 76-க்கு 14. அந்தப் பதினாலில் என் பங்கு 2. திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நான் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். பி.டி. மேடம் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "ரெக்கார்ட் நோட்டு எழுதணும் மேடம்" என்று சொல்லி அனுப்பினேன். எழுதி முடிக்க வேண்டிய ரெக்கார்ட் நோட்டு எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். மூன்றாம் முறை அவர் ஆள் அனுப்பவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அதிகம் வருத்தப்பட்டது அந்த 76-க்கு இல்லை, அந்த ரெக்கார்ட் நோட்டுப் பொய்க்குத்தான்.

இப்போது நம் நாட்டு அணிக்கு வருகிறேன்.

2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை மகளிர் கூடைப்பந்து நடந்தது. நம் பெண்கள் இருந்தது 'பி' பிரிவில். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். இரண்டே புள்ளி! அந்த வெற்றியால் 'ஏ' பிரிவுக்கு ஏறினார்கள். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை அந்த அணியில் இருந்தார். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடியவர், 19 வயதிலேயே அணித்தலைவி ஆனவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடினார். அதை அம்மாக்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

'ஏ' பிரிவுக்கு ஏறினால் என்ன கிடைக்கும்? பெரிய அடி கிடைக்கும்! அங்கே இருப்பவர்கள் ஜப்பான், சீனா, கொரியா, ஆஸ்திரேலியா. 2021-இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் நடந்த ஆசியக் கோப்பைக்கு நம் அணி போனது. அனிதா போன்ற மூத்தவர்கள் விலகிய பிறகு அமைந்த இளம் அணி. அதற்கு முன் ஒன்றரை வருஷம் கொரோனா. குழு ஆட்டத்தில் எதிரே வந்தது ஜப்பான். சில வாரங்களுக்கு முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய நாடு. ஸ்கோர் என்ன தெரியுமா? ஜப்பான் 136, இந்தியா 46.

தொண்ணூறு புள்ளி வித்தியாசம். ஆட்டமே 40 நிமிஷம்தான். நிமிஷத்துக்கு மூன்று புள்ளிக்கு மேல் வாங்கியிருக்கிறோம். கூடைப்பந்து ஆடாதவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் காலத்தில் பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி 30 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். 10 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 2000-இல் விதி மாறி, அது 24 விநாடியும் 8 விநாடியுமாகச் சுருங்கியது. பெரிய அணிகள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே வந்து நெருக்கும். எட்டு விநாடியில் பதறிப்போய் ஒரு பாஸ் கொடுப்போம். அது அவர்கள் கையில் விழும். அவர்கள் கூடையில் போடுவார்கள். மறுபடி பந்து நம் கைக்கு வரும், மறுபடி நெருக்குவார்கள். இந்த நெருக்கடியைத் தனியாக வீட்டில் பயிற்சி செய்ய முடியாது. நம்மைவிட வேகமான ஒருவர் எதிரே நின்றால்தான் அது என்னவென்றே தெரியும்.

சரி, 136 வாங்கிய அந்தப் பெண்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்களா? இல்லை. குழுவில் மீதி ஆட்டங்களிலும் தோற்றார்கள். கடைசியாக பிலிப்பைன்ஸோடு ஓர் ஆட்டம். தோற்றவர்கள் 'பி' பிரிவுக்கு இறங்க வேண்டும். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் 74-70. நாம்தான் தோற்றோம், ஆனால் நாலே புள்ளியில். ஒரே போட்டியில், ஒரே அணி. தொண்ணூறில் தோற்றவர்கள் சில நாளில் நாலு புள்ளி தூரத்துக்கு வந்து நின்றார்கள். எதிராளி வேறு, அது உண்மைதான். ஆனால் அவ்வளவு அடி வாங்கிய பிறகும் கடைசி விசில் வரைக்கும் நின்று ஆட ஒரு மனசு வேண்டும் இல்லையா? அந்த மனசு 1987-இல் என்னிடம் இல்லை.

நன்றாக ஆடியதற்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. 'பி' பிரிவுக்கு இறங்கினோம். அந்த இறக்கத்தின் நஷ்டம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவமானமா? அது நாலு நாளில் மறந்துபோகும். உண்மையான நஷ்டம், ஜப்பானோடும் கொரியாவோடும் ஆடுகிற வாய்ப்பு போனதுதான். நம்மை அடிக்கக்கூடியவர்கள் இனி நம் எதிரே வந்து நிற்க மாட்டார்கள் என்பதுதான்.

அந்த ஜப்பான் மட்டும் என்ன, பிறக்கும்போதே வெள்ளிப் பதக்கத்தோடு பிறந்ததா? 2016 ரியோ ஒலிம்பிக் கால் இறுதியில் அமெரிக்காவிடம் 110-64 என்று தோற்றார்கள். 46 புள்ளி வித்தியாசம். பெரிய உயரம் இல்லாத பெண்கள். உயரத்துக்குப் பதிலாக வேகத்தையும் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டையும் வளர்த்துக்கொண்டார்கள். டோக்கியோவில் கால் இறுதியில் பெல்ஜியத்தை 86-85 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் அதே அமெரிக்காவிடம் 90-75. மறுபடியும் தோல்விதான், ஆனால் 46 என்பது 15 ஆகிவிட்டது! ஜப்பானுக்குக் கூடைப்பந்தில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 110 வாங்கிய அன்றைக்கு, "இனி அமெரிக்கா இருக்கிற பக்கம் போகவேண்டாம்" என்று யாராவது முடிவு செய்திருந்தால் அந்த வெள்ளி ஏது?

எல்லாத் தோல்வியும் பாடம் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருந்தால்தான் தோல்வி பாடம். இல்லாவிட்டால் அது வெறும் தோல்வி. எனக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் அந்தப் பேச்சு வந்தபோது, நம் அணிப் பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு 1987 பஸ் ஞாபகம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னம்மா, இருபத்தொண்ணு எப்படி வந்தது?" என்று கேட்டேன். "முதல் பாதியில ஆறு மேடம். ரெண்டாவது பாதியில பதினஞ்சு" என்றாள். "அது எப்படி? இடைவேளையில யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல மேடம், முதல் பாதியிலேயே அவங்கதான் சொல்லிக் கொடுத்துட்டாங்க" என்றாள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் யோசித்துக் கண்டுபிடித்ததை அந்தப் பெண் இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த வருஷமும் அதே சீனியர் போட்டிக்கு நம் பிள்ளைகளை அனுப்புவோம். தோற்றால் கீழே இறக்குவது போட்டி நடத்துகிறவர்களின் விதி. நம் பிள்ளைகளை நாமே கீழே இறக்கிவிட வேண்டாம். பஸ் செலவில் முதல் பங்கு என்னுடையது. இரண்டாவது பங்கு என் அறைத்தோழியுடையது. அவளைக் கேட்காமலே அறிவிக்கிறேன், மறுக்க மாட்டாள்!

தங்கைகளே, இந்தத் தடவை 88-க்கு 30 எடுத்துவிட்டு வாருங்கள். பஸ் வந்து நிற்கும்போது வாசலில் நாங்கள் நிற்போம். ரெக்கார்ட் நோட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.