த்ரீ நாட் த்ரீ: வாங்குபவர் கண்

காவல் நிலைய வாசலில் பாரா நிற்பவரின் தோளில் தொங்கிய அந்த நீளத் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். த்ரீ நாட் த்ரீ என்றால் எல்லோருக்கும் தெரியும். அதையே லீ-என்ஃபீல்ட் என்றால் சிலருக்குத்தான் தெரியும். நம் நாட்டில் அந்த ரகத் தோட்டா தனியாருக்குத் தடை. ஆனால் கனடா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில், ராணுவம் கழித்துவிட்ட இந்த ரைஃபிள்களை அந்தந்த ஊர்ச் சட்டப்படி வாங்கிச் சேர்ப்பவர்கள் ஏராளம். வாங்குமுன் அவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கும் விதம் ஒரு தனிக் கலை.

தேர்ந்தவர் கட்டையின் பளபளப்பில் மயங்க மாட்டார். புதிதாக மெருகு போட்டிருந்தால் அவருக்குச் சந்தேகம்தான் வரும். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதலில் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றுவார். அதன் கைப்பிடியில் ஓர் எண் பொறித்திருக்கும். துப்பாக்கியின் உடலிலும் அதே எண் இருக்க வேண்டும். எல்லா பாகத்திலும் ஒரே எண் வேண்டுமென்று சேகரிப்பாளர்கள் அடம்பிடிப்பது விலைக்காக. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. போரில் அடிபட்டுப் பட்டறையில் பாகம் மாற்றிய துப்பாக்கிக்கு என்ன குறை? போல்ட் எண் மட்டும் வேறு கதை. ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் உடலுக்கென்றே ராவிப் பொருத்தியிருக்கிறார்கள். மாறிப்போன போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டால், சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு கிழியும். சுடுபவரின் முகம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து நம்பர் 4 ரகத்தில் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும். இந்த இடைவெளியைச் சரிக்கட்ட 0 முதல் 3 வரை எண்ணிட்டு, நான்கு அளவுத் தலைகள் செய்து வைத்திருந்தார்கள். அளவுமானியை உள்ளே வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. உடலில் 'டி.பி.' என்று அடித்திருந்தால் அது கவாத்துக்கு ஒதுக்கிய துப்பாக்கி. சுடவே கூடாது.

அடுத்தது குழல். பின்பக்கம் வெளிச்சம் காட்டி முன்பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தால், வரிப்பள்ளங்கள் சுழன்று போவது தெரியும். பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து வெடித்ததும் ஒருவகை உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். கொதிநீரை ஊற்றிக் கழுவுவதுதான் அந்தக் காலத்துச் சிப்பாயின் வைத்தியம். கழுவாத சோம்பேறியின் துப்பாக்கியை இன்றும் கண்டுபிடித்துவிடலாம்: உள்ளே இருட்டிக் கிடக்கும், பள்ளத்தின் ஓரங்கள் அரித்திருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஐந்து பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே தெரிந்தால், தேய்ந்துவிட்டது என்று ஓடிவிடாதீர்கள். போர் அவசரத்தில் கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையும் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனமும் இரண்டு பள்ளக் குழல்களைச் செய்து அனுப்பின. நன்றாகவே சுடும்.

குழலின் வாயையும் பார்க்க வேண்டும். கட்டையின் அடியில் பித்தளை மூடி ஒன்று உண்டு. அதற்குள் சின்ன எண்ணெய்க் குப்பியும், குழலைத் துடைக்கத் துணி கட்டி இழுக்கிற கயிறும் இருக்கும். வருடக்கணக்காக அந்தக் கயிறு ஒரே பக்கம் உரசி உரசி, வாயின் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். வாய் கெட்டால் குறியும் கெட்டது.

இந்தியத் தயாரிப்பு வேண்டுமானால், வங்காளத்து இஷாப்பூரின் 2ஏ1 கிடைக்கும். 1962 சீனப் போருக்குப் பிறகு வந்தது. தோட்டாவே வேறு, 7.62 மில்லிமீட்டர். பழைய த்ரீ நாட் த்ரீயைத் திருத்திய சரக்கு என்று சில கடைக்காரர்கள் சொல்வது சரியல்ல. வலுவான உருக்கில் புதிதாகவே செய்தார்கள்.

போலிகளும் உண்டு. பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையாலேயே அடித்துச் செய்தவை ஆப்கானிஸ்தான் வழியாக மேற்கே போயின. வேலைப்பாடு அசத்தும், எழுத்து காட்டிக்கொடுக்கும். ஆங்கில 'என்' இடவலம் மாறி நிற்கும். விக்டோரியா மகாராணி 1901 ஜனவரியில் காலமானார்; அவர் முத்திரைக்குக் கீழேயே அதற்குப் பல வருடம் பிந்திய தேதி இருக்கும். மலிவாகக் கிடைத்தால் சுவரில் மாட்ட நானும் வாங்குவேன். எந்த இரும்பில் அடித்தார்களோ, தோட்டா மட்டும் போட மாட்டேன்.